178.5 கட்ஆஃப்போடு கவுன்சலிங் முடித்தது இப்படித்தான்

கணிதம் 87, இயற்பியல் 91, வேதியியல் 92. பொறியியல் கவுன்சலிங்குக்குக் கணித மார்க்கை முழுசாகவும் மற்ற இரண்டையும் பாதியாகவும் எடுத்து 200-க்குக் கூட்டுவார்கள். அதுதான் கட்ஆஃப், எனக்கு 178.5. கெமிஸ்ட்ரியில் ஒரு மார்க் போனால் அரைதான் போகும், கணிதத்தில் போனால் போனதுதான்.

ரிசல்ட் வந்த வாரம் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் "மேத்ஸ்ல என்னம்மா ஆச்சு?" என்றே ஆரம்பித்தார்கள். அம்மா சலித்துப்போய், "பாஸாயிட்டா, காபி குடிங்க" என்று முடித்துவிடுவார். விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பித்து வாங்கிப் பார்த்தேன். கூட்டலில் பிழை இல்லை, திருத்தாமல் விட்ட விடையும் இல்லை. மறுமதிப்பீட்டுக்குப் போகவில்லை. ஆனால் கண்ணால் பார்த்தபிறகுதான் ராத்திரி தூக்கம் வந்தது.

அடுத்து, விண்ணப்பித்த ஒவ்வொருவருக்கும் தரும் ரேண்டம் நம்பர். பத்து இலக்கத்தில் ஒன்று வந்ததும் சித்தப்பா அதை ஜாதகம் மாதிரி ஆராய்ந்தார். ஒரே கட்ஆஃப் இருந்தால் முதலில் கணிதம், அப்புறம் இயற்பியல் என்று பார்த்துக்கொண்டே போய், எதிலுமே பிரிக்க முடியாவிட்டால்தான் அந்த நம்பருக்கு வேலை. அதற்காகக் கவலைப்பட வேண்டியதே இல்லை.

கவலைப்பட வேண்டியது போன் அழைப்புகளுக்கு. "உங்க கட்ஆஃப்புக்கு எங்ககிட்ட ஸ்காலர்ஷிப் இருக்கு, இன்னிக்கே அட்வான்ஸ் போட்டா சீட் உறுதி" என்று தினமும் யாராவது பேசுவார்கள். என் மார்க்கும் அப்பாவின் நம்பரும் அவர்களுக்கு எப்படிப் போனதோ! அப்பா ஒருமுறை அசைந்துவிட்டார். கவுன்சலிங் முடியும்வரை யாருக்கும் பணம் கட்டுவதில்லை என்று வீட்டில் பேசிவைத்தபிறகுதான் நிம்மதி.

அதைவிட அந்த நேரத்தை, எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு வேண்டும் என்று வரிசையாகப் போடும் சாய்ஸ் பட்டியலுக்குச் செலவிடலாம். போன வருடம் எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு, எந்த வகுப்பினருக்கு எதோடு முடிந்தது என்ற விவரம் கிடைக்கிறது. எல்லாரும் அதில் கட்ஆஃப்பைப் பார்க்கிறார்கள். நான் ரேங்க்கைப் பார்த்தேன், எங்கள் பிசி ரேங்க்கையும் சேர்த்து. ஒரு வருடம் கேள்வித்தாள் சுலபமாக இருந்தால் அதே 178.5-க்கு முன்னால் இன்னும் ஆயிரக்கணக்கில் ஆள் நிற்பார்கள். மார்க்கை மட்டும் ஒப்பிட்டால் கணக்கு தப்பும்.

இன்னொன்று, கிடைக்காது என்று தோன்றும் கல்லூரியை மேலே போட்டால் ஒரு சாய்ஸ் வீணாகும் என்றார்கள். வீணாகாது. நம் முறை வரும்போது பட்டியலை மேலிருந்து பார்த்துக்கொண்டே வந்து, காலியாக இருக்கும் முதல் இடத்தைத் தருவார்கள். அதனால் கிண்டி பொறியியல் கல்லூரியில் தொடங்கி, கோவை ஜிசிடி (அரசு தொழில்நுட்பக் கல்லூரி), மதுரை தியாகராஜர், நெல்லை அரசுப் பொறியியல் கல்லூரி என்று ஆசைப்பட்ட வரிசையிலேயே போட்டேன். கீழே, கட்டாயம் கிடைக்கும் என்றிருந்த கல்லூரிகளையும் நிறையச் சேர்த்தேன். பிடிக்காத கல்லூரியை மட்டும் கணக்குக்காகக்கூடச் சேர்க்கக்கூடாது. அதுவே வந்து நிற்கும்.

என் ரேங்க் இரண்டாம் சுற்றில் வந்தது. தோழிகள் முதல் சுற்றிலேயே இடம் வாங்கி ஸ்டேட்டஸ் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த நாட்களில் வாட்ஸ்அப்பைத் திறக்கவே இல்லை, அதுவே நல்லதாகப் போயிற்று.

தற்காலிக ஒதுக்கீட்டில் நெல்லையில் இஇஇ (மின், மின்னணுப் பொறியியல்) வந்தது. ஈசிஇ (மின்னணு, தொடர்பியல்) அதற்கு மேலே போட்டிருந்தேன். 'ஏற்கிறேன், மேலே கிடைத்தாலும் வேண்டும்' என்ற வாய்ப்பைத் தேர்ந்தெடுத்து, உதவி மையத்தில் பணம் கட்டினோம். மேலே கிடைக்காவிட்டால் கையில் இருப்பது நிற்கும். கிடைத்துவிட்டால் பழையது தானாகப் போய்விடும், திரும்பக் கேட்க முடியாது. ஆகவே உண்மையிலேயே அதிகம் பிடித்ததுதான் மேலே இருக்க வேண்டும். எனக்கு ஈசிஇ கிடைத்தது.

எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான்தான். அந்தச் சான்றிதழுக்குக் கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு, ஆனால் இ-சேவையில் போட்டுக் கையில் வர நாளாகும். ரிசல்ட்டுக்கு முன்பே போட்டுவிடுங்கள். சேரும் அன்று அசல் டிசியைக் கல்லூரியில் வாங்கிக்கொள்வார்கள். முந்தின நாளே ஐந்தாறு செட் ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உதவித்தொகைக்கும் பஸ் பாஸுக்கும் கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.