மூடுவதைவிடத் திறப்பதுதான் கடினம்

கடல் பாதுகாப்புத் திட்டங்களில் எங்கள் பேச்சு பெரும்பாலும் மூடுவதைச் சுற்றியே இருக்கும். எந்தப் பகுதியில் மீன்பிடிப்பை நிறுத்துவது, எவ்வளவு பரப்பு, யார் காவல். ஊர்க் கூட்டத்தில் போய் உட்கார்ந்தால் பெரியவர்கள் கேட்பது வேறு: "சரி, எப்போது திறப்போம்?"

இதைக் கேட்டதும் முகம் சுளிக்கும் அதிகாரிகளைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது நியாயமான கேள்வியாகவே படுகிறது. ஃபிஜியில் குலத் தலைவர் இறந்தால் ஒரு கடற்பகுதியை 100 நாள் மூடிவைப்பது பழைய வழக்கம். அதைத் 'தபு' என்பார்கள். நாள் முடிந்ததும் அங்கே பிடித்த மீன் விருந்துக்கு வரும். திறக்கப்போகிறோம் என்று தெரிந்ததால்தான் எல்லாரும் காத்திருந்தார்கள்.

இந்த வழக்கத்தோடு அறிவியல் நன்றாகச் சேர்ந்த இடம் அதே நாட்டின் உதுனிவனுவா கிராமம். மட்டி குறைந்துபோனதால் 1997ல் 24 ஹெக்டேர் பரப்பை மூடினார்கள். பல்கலைக்கழக ஆட்கள் கணக்கெடுக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்தார்கள். மட்டியை எண்ணியது ஊர்க்காரர்கள். மூடிய இடத்தில் மட்டி பெருகியது, பக்கத்திலும் பெருகியது. என் அனுபவத்தில், வெளியார் கொண்டுவரும் அறிக்கையை மக்கள் மரியாதையாகக் கேட்டுக்கொள்வார்கள். தாங்களே எண்ணிய கணக்கை வைத்துத்தான் முடிவெடுப்பார்கள்.

ஆனால் பழைய வழக்கம் அப்படியே இன்றைக்குப் போதாது. இப்போது மோட்டார் படகு இருக்கிறது, நல்ல வலை இருக்கிறது, வாங்கிக்கொள்ளச் சந்தை இருக்கிறது. ஃபிஜியின் கியா தீவில் 2008ல் நிதி திரட்டுவதற்காகத் தபுவைத் திறந்தார்கள். சில வார மீன்பிடிப்பிலேயே பெரிய மீன்கள் வெகுவாகக் குறைந்துவிட்டன. அதனால்தான் எந்த மீன், எவ்வளவு, எத்தனை நாள் என்பதை மூடும் அன்றே பேசி வைக்கச் சொல்கிறேன். திறக்கும் நேரத்தில் பணத்தேவை கழுத்தை நெரிக்கும். அப்போது யாராலும் நிதானமாகப் பேச முடியாது.

எந்த மாதம் திறக்கக் கூடாது என்பதற்குப் பதில் பல நேரம் ஊரிலேயே இருக்கும். 1970களில் பசிபிக் கடலின் பலாவுத் தீவுகளில் மீனவர்களிடம் கேட்டுப் பதிவுசெய்த கடல் உயிரியலாளர் ராபர்ட் ஜோஹன்னஸ், எந்தப் பிறையில் எந்த மீன் முட்டையிடுவதற்காக ஒன்றுசேரும் என்பதில் அவர்களுக்கு அறிவியல் நூல்களைவிட அதிகம் தெரிந்திருந்ததைக் கண்டார். களவா மீன் கூட்டமாகச் சேரும் நாட்களில் திறந்தால், வருடக்கணக்காகச் சேர்த்ததெல்லாம் ஒரே வாரத்தில் போய்விடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆண்கள் மட்டும் கூடிப் பேசும்போது, மூடுவதற்கு எளிதாகக் கரையோரத்தைக் கைகாட்டிவிடுவார்கள். பெண்கள் நடந்தே போய் மட்டியும் நண்டும் பொறுக்கும் இடம் அதுதான். படகு வைத்திருப்பவர் வேறு இடம் போகலாம், பெண்களுக்கு அந்த வழி இல்லை. அதனால் வரைபடத்தை விரிப்பதற்கு முன்பே அவர்களோடு தனியாக உட்கார்ந்து பேசுகிறேன். எந்த இடத்தை மூடினால் அன்றாடச் சாப்பாடு போகும் என்பதை அவர்கள் குறித்துக் கொடுத்த பிறகே எல்லைக் கோடு போடுகிறோம்.