நாக்பூரில் வந்த சுனாமி

நாக்பூருக்குப் பக்கத்தில் சுனாமி வந்து 16 ஆயிரம் பேர் இறந்துபோனதாகப் போன மாதம் ஒரு வரைபடம் போட்டேன்.

பகலில் என் வேலை குடிநீர்க் குழாய்களை வரைபடத்தில் ஏற்றுவது. எந்தத் தெருவில் எத்தனை இன்ச் குழாய், வால்வு எங்கே, மேல்நிலைத் தொட்டி எங்கே என்று மதுரையில் உட்கார்ந்து கியூஜிஐஎஸ்ஸில் கோடு இழுத்துக்கொண்டிருப்பேன். ஞாயிற்றுக்கிழமையானால் அதே மென்பொருளில் மனசுக்குப் பிடித்த எதையாவது வரைவேன். இந்த முறை கையில் எடுத்தது, 1900க்குப் பிறகு உலகம் முழுக்க இயற்கைப் பேரிடர்களில் இறந்தவர்களை. வகைக்கு ஒரு நிறம், எண்ணிக்கைக்குத் தகுந்த வட்டம். பெல்ஜியத்தில் லூவன் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையம் ஒன்று இஎம்-டாட் என்ற பெயரில் இந்தக் கணக்கை 1988இலிருந்து வைத்து வருகிறது. பெயரைப் பதிந்துகொண்டால் எக்செல் கோப்பாகக் கிடைக்கும்.

அந்தக் கோப்பில் ஒரு பேரிடர் ஐந்து நாட்டைத் தாக்கினால் ஐந்து வரிசை. பல வரிசைகளில் அட்சரேகை, தீர்க்கரேகை காலி. நான் சோம்பேறித்தனமாக நாட்டின் பெயரை வைத்து இணைத்து, நடுப்புள்ளியை மென்பொருளே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இந்தியாவின் நடுப்புள்ளி நாக்பூர்ப் பக்கம் விழுகிறது. 2004 டிசம்பரில் நாகப்பட்டினம், கடலூர், அந்தமான் என்று போன உயிர்கள் எல்லாம் ஆரஞ்சுத் தோட்டத்தில் போய் உட்கார்ந்துவிட்டன. இந்தோனேசியாவில் ஆச்சே கரையில் இறந்த ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் போர்னியோ காட்டுக்குள். சரி என்று பெரிய நிகழ்வுகளை மட்டும் ஒவ்வொன்றாகக் கையால் நகர்த்தினேன். இரண்டு ஞாயிறு அதிலேயே போனது.

அடுத்த கோளாறு வட்டத்தின் அளவு. 1970 நவம்பரில் வங்கத்து போலா தீவுப் பக்கம் அடித்த புயலில் குறைந்தபட்சக் கணக்கே 3 லட்சம் பேர். அந்த ஒரு வட்டம் டாக்காவையும் கல்கத்தாவையும் விழுங்கிவிட்டு பர்மாவுக்குள் கால் நீட்டிக்கொண்டிருந்தது. அலுவலகத்தில் பக்கத்து சீட்டுத் தம்பி எட்டிப் பார்த்துவிட்டு, “அண்ணே, நீங்க ஆரத்தைப் பெருக்கியிருக்கீங்க. பரப்பைத்தானே பெருக்கணும்?” என்றான். அட ஆமாம். 3 ஆயிரம் சாவுக்கும் 3 லட்சத்துக்கும் நூறு மடங்கு வித்தியாசம். ஆரம் பத்து மடங்கு இருந்தால் போதும். நான் ஆரத்தை நூறு மடங்காக்கி, பரப்பைப் பத்தாயிரம் மடங்காக ஊதியிருக்கிறேன். பதினைந்து வருஷமாக வரைபடம் போடுகிறவன் நான். வெளியே சொல்லாதீர்கள்.

நிறத்திலும் தகராறு. அந்தப் பட்டியலில் சுனாமி நிலநடுக்கத்தின் உட்பிரிவு. விஞ்ஞானப்படி சரிதான், கடலடி நடுங்கியதால் வந்த அலை. ஆனால் நாகப்பட்டினத்தில் கட்டடம் இடிந்து விழுந்து யாரும் சாகவில்லை. அங்கே பூகம்பத்தின் பழுப்பு நிறத்தைப் பூச எனக்குக் கை வரவில்லை. தனியாக ஒரு நீலம் கொடுத்தேன். கேமரூன் நாட்டின் நியோஸ் ஏரிதான் இதைவிடத் தலைவலி. 1986 ஆகஸ்டில் ஓர் இரவு அந்த எரிமலை ஏரிக்குள்ளிருந்து கரியமிலவாயு கிளம்பி, சத்தமில்லாமல் பள்ளத்தாக்கில் இறங்கி, தூங்கிக்கொண்டிருந்த சுமார் 1,700 பேரையும் ஆயிரக்கணக்கான மாடுகளையும் கொன்றது. இதற்கு என்ன நிறம் என்கிறீர்கள்? கடைசியில் சாம்பல்.

எல்லாம் சரியானதும் வங்காள விரிகுடாவின் தலைமாட்டைத்தான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே இடத்தில் வட்டத்துக்குள் வட்டம். 1970இல் 3 லட்சம். 1991இல் ஏறக்குறைய 1,38,000. 2007இல் சித்ர் புயலுக்குச் சுமார் 3,400. 2020இல் ஆம்பன் வந்தபோது வங்கதேசத்தில் சில பத்துப் பேர். புயல் இளைத்துப் போகவில்லை. ஆம்பன் ஒரு கட்டத்தில் சூப்பர் புயலாக இருந்தது. கீழே வெள்ளம் புகுந்து போகும்படி தூண் மேல் நிற்கும் புகலிடங்கள், கொடியும் கைமைக்கும் எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போகும் பல்லாயிரம் தன்னார்வலர்கள், அவர்களில் பாதிப் பேர் பெண்கள், இவ்வளவும் நடுவில் வந்திருக்கின்றன. ஒடிசாவிலும் இதே கதை. 1999இல் ஏறக்குறைய 10 ஆயிரம், 2013இல் ஃபைலினுக்கு 50க்கும் குறைவு. இப்படி ஓர் அடுக்கு உலக வரைபடத்தில் வேறெங்கும் என் கண்ணில் படவில்லை.

நிலநடுக்கத்தில் 2010ஐ மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தேன். ஜனவரியில் ஹைதி, நிலநடுக்க அளவு 7.0. பிப்ரவரியில் சிலி, 8.8. வெளிப்பட்ட சக்தியில் சிலியுடையது ஏறக்குறைய 500 மடங்கு. இறந்தவர்கள் சிலியில் 525 பேர். ஹைதியில் ஒரு லட்சம் என்பாரும் உண்டு, 3,16,000 என்றது அந்நாட்டு அரசு. எந்த எண்ணை எடுத்தாலும் ஹைதி பூசணி, சிலி மிளகு. கம்பியே சரியாகப் போடாமல் எழுப்பிய கான்கிரீட் கூரைதான் ஹைதியில் ஆளைக் கொன்றது.

வெப்ப அலைக்குச் சிவப்பு. அந்த லேயரை மட்டும் போட்டால் ஐரோப்பா அம்மை போட்ட மாதிரி இருக்கிறது. 2003 கோடையில் பிரான்சில் மட்டும் 15 ஆயிரம், ஐரோப்பா முழுக்க 70 ஆயிரம் என்று கணக்கு. 2010இல் ரஷ்யாவில் 55 ஆயிரம். கீழே வந்தால் சகாராவுக்குத் தெற்கே ஏறக்குறைய வெறும் வெள்ளை. சூடானிலும் சாட்டிலும் வெயிலே அடிக்கவில்லை போலிருக்கிறது! விஷயம் என்னவென்றால், பிரான்சில் அந்த 15 ஆயிரம் பேரின் இறப்புச் சான்றிதழையும் பார்த்து எண்ணவில்லை. வழக்கமாக ஆகஸ்டில் இத்தனை பேர் இறப்பார்கள், இந்த ஆகஸ்டில் இத்தனை பேர் கூடுதல் என்று கழித்துப் பார்த்தார்கள். கழிப்பதற்கு முதலில் வழக்கமான கணக்கு கையில் இருக்க வேண்டும். சாவே பதிவாகாத ஊரில் எதிலிருந்து எதைக் கழிப்பது?

இதோடு முடிந்தது என்று அம்மாவிடம் மடிக்கணினியைக் காட்டினேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சுனாமி எது, புயல் எது என்று ஒவ்வொரு நிறமாகக் கேட்டார்கள். அப்புறம், “இதுல இடி எங்கப்பா?” என்றார்கள்.

அம்மாவின் தம்பி 1987 ஐப்பசியில் இளையான்குடிப் பக்கம் கண்மாய்க் கரையில் ஆடு ஓட்டிக்கொண்டு வந்தபோது இடி விழுந்து இறந்துபோனார். பத்தொன்பது வயது. கூடவே நாலு ஆடு. இன்றைக்கும் வானம் உறுமினால் அம்மா “அர்ஜுனா, அர்ஜுனா” என்று முணுமுணுத்தபடி ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கிக்கொண்டு வருவார்கள். மொபைல் சார்ஜரைக்கூட விடமாட்டார்கள்.

நான் கோப்பைத் திரும்பத் திறந்தேன். மின்னல் என்ற வகை இருக்கிறது, வரிசைகள்தான் சொற்பம். அந்தப் பட்டியலில் ஒரு நிகழ்வு ஏற வேண்டுமானால் பத்துப் பேராவது இறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் நூறு பேர் பாதிக்கப்பட்டிருக்க வேண்டும், அதுவும் இல்லையென்றால் அவசரநிலை அறிவித்திருக்க வேண்டும் அல்லது வெளிநாட்டு உதவி கேட்டிருக்க வேண்டும். ஒரு கோடு போட்டுத்தான் ஆகவேண்டும், அதில் தப்பில்லை. ஆனால் மின்னல் வயலில் ஒருவர், மரத்தடியில் இருவர் என்றுதான் எடுக்கும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அட்டவணைப்படி 2022இல் இந்தியாவில் இயற்கைச் சீற்றங்களால் இறந்தவர்கள் 8,060 பேர். அதில் மின்னல் மட்டும் 2,887. வெள்ளமும் வெயிலும் அதற்குப் பின்னால்தான். நம் நாட்டின் முதல் கொலையாளி என் வரைபடத்தில் ஏறக்குறைய இல்லவே இல்லை. அந்த அட்டவணையைச் சேர்க்கலாம் என்றால் அது மாநிலவாரிக் கணக்கு. திரும்பவும் எல்லோரையும் மாநிலத்தின் நடுவில் கொண்டுபோய் வைக்க வேண்டும். நாக்பூர் வேலை போதும் என்று விட்டுவிட்டேன்.

மின்னலுக்கு ஒரு மஞ்சள் லேயர் போட்டு, கையால் ஒரே ஒரு புள்ளி வைத்தேன். என் அளவுப்படி போலா புயலின் ஆரம் 30 மில்லிமீட்டர். ஒரு ஆளுக்குக் கணக்குப் போட்டால் 0.05 வருகிறது. அச்சில் வராது. திரையிலும் செயற்கைக்கோள் படத்தைப் பின்னால் போட்டு, இளையான்குடி வரைக்கும் ஜூம் செய்தால்தான் தெரியும்.

செய்து காட்டினேன். அம்மா திரைக்கு ரொம்பக் கிட்டே வந்து பார்த்தார்கள். “இது மடையில்ல? மடைக்கு இந்தப் பக்கம் எங்க வந்தான் அவன்? கிழக்கே போ. இன்னும். அந்தப் பனை நிக்கிற இடம்.”

பனை எதுவும் படத்தில் தெரியவில்லை. அவர்கள் விரல் நின்ற இடத்துக்குப் புள்ளியை நகர்த்தினேன்.