கை வருகிற வரைக்கும்

"கையெழுத்து சரியில்ல மேடம்" என்று சொல்லிக்கொண்டுதான் முக்கால்வாசிப் பெற்றோர் என் அறைக்குள் வருகிறார்கள். பையிலிருந்து நாலு கோடு நோட்டு வெளியே வரும். பக்கம் முழுக்கச் சிவப்பு மை. நான் நோட்டை ஓரமாக வைத்துவிட்டு, "சட்டை பட்டன் அவனே போட்டுக்குவானா?" என்று கேட்பேன். அம்மா அப்பாவைப் பார்ப்பார். அப்பா ஃபேனைப் பார்ப்பார்.

வேலூரில் குழந்தைகளுக்கு ஆக்குபேஷனல் தெரபி கொடுக்க ஆரம்பித்துப் பதினாலு வருஷம் ஆகிறது. சொந்தக்காரர்களுக்கு இன்னமும் நான் பிசியோதெரபிதான். ஒரு காலத்தில் வாசலில் 'தொழில்வழிச் சிகிச்சை' என்று போர்டு மாட்டியிருந்தேன். ஐடிஐ முடித்த தன் மகனுக்கு இங்கே வேலை கிடைக்குமா என்று ஒருவர் வந்து விசாரித்தார். போர்டைக் கழற்றிவிட்டேன். குழந்தைக்குத் தொழில் என்றால் விளையாடுவது, சாப்பிடுவது, சட்டை மாட்டுவது, அப்புறம் எழுதுவது. இந்த வரிசையில்தான். பள்ளிக்கூடங்கள் வரிசையைத் தலைகீழாக வைத்திருக்கின்றன.

கையைப் பற்றி யோசிப்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. 1946-ல் இங்கே சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வந்த அறுவை சிகிச்சை டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண்களை (தசையை எலும்போடு இணைக்கிற நார்களை) இடம் மாற்றித் தைத்து நிமிர வைத்தார். தைத்ததோடு வேலை முடிவதில்லை. நேற்றுவரை ஒரு வேலை பார்த்த தசை இன்று வேறொரு வேலை பார்க்க வேண்டும். அதைப் பழக்க ஒருவர் பக்கத்திலேயே உட்கார வேண்டும். டாக்டர் ஆவதற்கு முன் தச்சு வேலை பழகியவர் பிராண்ட். குணமான நோயாளிகளுக்கும் அதைச் சொல்லித் தந்தார். அந்த உளியும் மரமும்தான் எனக்கு இன்றைக்கும் பிடித்த பகுதி.

குழந்தையின் கை இன்னும் கட்டி முடிக்காத வீடு மாதிரி. பெரியவர்களின் மணிக்கட்டில் எட்டு எலும்புகள். பிறந்த குழந்தைக்கு எக்ஸ்ரே எடுத்தால் அதில் ஒன்றுகூடப் பெரும்பாலும் தெரியாது, எல்லாம் குருத்தெலும்பு. கடைசி எலும்பு எக்ஸ்ரேயில் தலைகாட்ட ஒன்பது, பத்து வயதுகூட ஆகலாம். மூன்று வயதில் ஒரு வட்டத்தைப் பார்த்து வரையலாம், நாலு வயதில் கூட்டல் குறி, ஐந்தை ஒட்டி முக்கோணம். 'அ'வில் சுழி, வளைவு, குறுக்குக்கோடு, நேர்க்கோடு எல்லாம் ஒரே எழுத்துக்குள் கிடக்கின்றன. அதை எல்.கே.ஜி. பிள்ளையிடம் முதல் நாளே கேட்கிறோம். நான் 'ட', 'ப' என்று நேர்க்கோட்டு எழுத்துகளில் ஆரம்பிப்பேன். அதுவும் நோட்டில் இல்லை, சுவரில். கையைத் தூக்கிச் சுவரில் எழுதினால் தோள் உறுதியாகும், மணிக்கட்டு தானாகப் பின்னால் வளையும். சாக்பீஸை ஒடித்து அரை விரல் நீளத்துக்குக் கொடுப்பேன். துண்டு சாக்பீஸை முஷ்டியில் பிடிக்க முடியாது, விரல் நுனிதான் வர வேண்டும். ஸ்டேஷனரி கடையில் விற்கிற ரப்பர் கிரிப் தோள் தொங்கிக் கிடக்கிற பிள்ளைக்குப் பெரிதாக உதவி நான் பார்த்ததில்லை. மூன்று விரலில்தான் பென்சில் பிடிக்க வேண்டும் என்கிற கட்டாயமும் எனக்கில்லை. நாலு விரலில் பிடித்து அழகாக எழுதுகிறவர்கள் நிறைய உண்டு.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் குடியாத்தம் ரோட்டில் ஒரு கிராமத்திலிருந்து ஏழு வயதுப் பையன் ஒருவன் வந்தான். மேசைமேல் தலையைச் சாய்த்துக்கொண்டு, பென்சிலைக் கத்தி மாதிரி பிடித்து, தாள் கிழிகிற அளவுக்கு அழுத்துவான். அவன் அம்மா பீடி சுற்றுகிறவர். என்னோடு பேசிக்கொண்டே மேசையிலிருந்த அப்பாயின்ட்மென்ட் சீட்டை எடுத்தார். பார்க்கவே இல்லை, விரல்கள் அதைச் சுருட்டின, கட்டைவிரல் நகம் ஓரத்தை உள்ளே தள்ளி மடக்கியது. மூன்று நொடி இருக்கும். பிறகுதான் கவனித்துவிட்டு, கூச்சத்தோடு பிரித்து நீவி வைத்தார்.

"எனக்கு ஆறு வயசுலயே மடக்கு வந்துடுச்சு மேடம். எங்க ஆயா முறத்தாண்ட உக்கார வெச்சாங்க. இவனுக்கு மட்டும் ஏன் கை வர்ல?"

அந்த விரல்களைப் பார்த்த மயக்கத்தில் நான் ஒரு தப்புச் செய்தேன். "வீட்ல இலை இருக்குமே, தூள் இல்லாம வெறும் இலையை மட்டும் அவனைச் சுருட்டச் சொல்லுங்க" என்றேன். பாடப்புத்தகப்படி பார்த்தால் அருமையான பயிற்சி. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அந்த முறத்தாண்ட அவன் வரக் கூடாதுன்னுதான் மேடம் இஸ்கூல்ல சேத்தேன்."

அன்றைக்கு வண்டியில் வீட்டுக்குத் திரும்பும்போது பாலாற்றுப் பாலம் வரைக்கும் காது சுட்டது.

சரி, வேறு வழி. அவர்கள் வீட்டில் மல்லாட்டை இருந்தது. (வேர்க்கடலை என்று எழுதினால் எங்கள் ஜில்லாக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்.) வறுத்தது முதலில், பச்சை பிறகு. மூக்கை இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினால் 'டப்' என்று வாய் திறக்கும். அழுத்தம் அதிகமானால் பருப்பு நசுங்கும், குறைந்தால் திறக்காது. திட்டுவதற்கு ஆள் தேவையில்லை, மல்லாட்டையே சொல்லிவிடும். இது பழகியதும், ஐந்து பருப்பை உள்ளங்கையில் மூடிக்கொண்டு, அடுத்த கையின் உதவியில்லாமல் ஒவ்வொன்றாக விரல் நுனிக்குக் கொண்டுவந்து வாயில் போட வேண்டும். பஸ் கண்டக்டர் கைநிறையச் சில்லறையை வைத்துக்கொண்டு இரண்டு ரூபாயை மட்டும் நகர்த்தித் தருவாரே, அந்த வித்தை. சுண்டுவிரலும் மோதிரவிரலும் பிடித்துக்கொள்ள, மற்ற மூன்றும் வேலை செய்ய வேண்டும். முதல் மூன்று வாரம் எல்லாம் கீழேதான் விழுந்தது. விழுந்ததை அவனும் கோழியும் பங்கு போட்டதாக அம்மா சொன்னார்.

ரசம் சோறு விரலிடுக்கில் வழியாமல் சாப்பிடுவதையும் என் குறிப்பில் சேர்த்துக்கொண்டேன். நான் படித்த வெளிநாட்டுப் படிவங்களில் ஸ்பூன், ஃபோர்க், கத்தியால் பிரெட்டில் வெண்ணெய் தடவுவது எல்லாம் இருக்கும். ரசத்துக்குக் கட்டம் கிடையாது.

எட்டு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை லேட்டாக வந்தார்கள். டவுன் பஸ்ஸில் அம்மாவுக்கு இலவசம், இவனுக்கு அரை டிக்கெட். காசைத் தானே கொடுப்பேன் என்று அடம்பிடித்திருக்கிறான். முஷ்டிக்குள்ளிருந்து ஒவ்வொரு காசாகக் கட்டைவிரலால் தள்ளித் தள்ளிக் கொடுத்தானாம். ஒன்று சீட்டுக்கு அடியில் உருண்டது. கண்டக்டர் நின்று காத்திருந்தாராம்.

"பின்னாடி இருந்தவங்கல்லாம் கத்துனாங்க மேடம்" என்று சிரித்தார் அம்மா. பையன் அதைக் கேட்காதவன் மாதிரி சுவரோரம் போய்த் துண்டு சாக்பீஸைத் தேடிக்கொண்டிருந்தான். நோட்டை வாங்கிப் பார்த்தேன். எழுத்து இன்னும் கோட்டைத் தாண்டித்தான் ஓடியது. தாள் எங்கேயும் கிழியவில்லை.