அளவுக் குவளை யார் கையில்?

மலேசியாவின் பினாங்கில் உள்ள நிபோங் திபால் பக்கத்துச் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டங்களில் களைக்கு மருந்து அடிக்கும் வேலை நெடுங்காலமாகப் பெண்கள் தலையில்தான் விழுந்து வந்தது. எந்த மருந்து, எவ்வளவு என்பதை மட்டும் மண்டோர் (மேஸ்திரி) முடிவு செய்வார். முறிவு மருந்தே இல்லாத பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கு 2002இல் தடை என்றார்கள், 2006இல் தளர்த்தினார்கள், 2020 ஜனவரியில்தான் ஒருவழியாக நிறுத்தினார்கள். அத்தனை வருஷமும் அதை முதுகில் சுமந்தவர்களை யார் கேட்டார்கள்?

இப்போது வேறு மருந்து, முதுகுப் பம்பு அதேதான். 16 லிட்டர் நிறைத்தால் 20 கிலோவை ஒட்டி வரும். மூடி வாஷர் தேய்ந்திருந்தால் குனியும்போதெல்லாம் முதுகு நனையும். சில்லறைக் காசு சாமான்தான். ஆனால் வாங்கிப் போடுகிறவர் பம்பைத் தூக்குவதில்லையே! கையுறையும் ஆண் கை அளவில் வருகிறது. விரல் நுனி தொளதொளவென்று இருப்பதால் மருந்து கலக்கும்போது கழற்றிவிடுகிறார்கள். செறிவான மருந்து கையில் படுவது அப்போதுதான்.

சரியான அளவை மருந்து அடிக்கிறவரே கண்டுபிடிக்கலாம். 10 மீட்டருக்கு 10 மீட்டர் இடத்தில் குச்சி நட்டு, பம்பில் 10 லிட்டர் வெறும் தண்ணீர் ஊற்றி, வழக்கமான நடையில் அடிக்க வேண்டும். மிச்சத்தை அளந்தால் 4.5 லிட்டர் குறைந்திருக்கிறது என்று வையுங்கள்: ஹெக்டருக்கு 450 லிட்டர் கணக்கு. லேபிளில் ஹெக்டருக்கு 3 லிட்டர் மருந்து என்றிருந்தால், 16 லிட்டர் பம்புக்கு 107 மில்லி. நடை ஆளுக்கு ஆள் மாறும். நாசில் (தெளிப்பு முனை) தேயத் தேயத் தண்ணீர் அதிகமாகப் போகும். ஆகவே எல்லோருக்கும் ஒரே அளவு சொல்லி, பாட்டில் மூடியால் ஊற்றுவது சுத்த அபத்தம். அடைத்த நாசிலை வாயால் ஊதுவது அதைவிட மோசம். பழைய பல்துலக்கி போதும்.

இதைக் கேட்டு வாங்க ஓர் இடம் உண்டு. 40 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்பு, சுகாதாரக் குழு வேண்டும் என்கிறது மலேசியாவின் 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம். மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும். 100 பேர் வரை உள்ள இடமென்றால் தொழிலாளர் தரப்பில் குறைந்தது இருவர். அந்த இரண்டு நாற்காலியிலும் குலை வெட்டுகிற ஆண்களே உட்கார்ந்தால் வாஷர் பேச்சு எழவே எழாது. ஒன்றாவது மருந்து அடிக்கும் பெண்ணுக்கு என்று முதலிலேயே கேளுங்கள். வாஷர், சின்ன அளவுக் கையுறை, குளிக்கத் தண்ணீர், மருந்து பட்ட துணியை அங்கேயே துவைக்கும் வசதி: நான்கையும் கூட்டக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள்.