மாமாவின் டொட்ஜ் டார்ட்

வெள்ளவத்தையில் மாமா வீட்டு முற்றத்தில் பல ஆண்டுகளாகத் துணி போர்த்திக் கிடந்த 1968ஆம் ஆண்டு டொட்ஜ் டார்ட் ஜிடிஎஸ் என்ற மடக்குக் கூரைக் கார், மூன்று ஆண்டு வேலைக்குப் பின்னர் சென்ற மாதம் மீண்டும் வீதிக்கு வந்தது. அமெரிக்கர்கள் இதைச் சிறிய கார் என்றே வகைப்படுத்தினார்கள். ஏறத்தாழ 5 மீற்றர் நீளமுள்ள அந்தச் சிறிய காரை எங்கள் ஒழுங்கையில் திருப்ப மூன்று முறை முன்னும் பின்னும் போகவேண்டியிருக்கிறது.

பார்க்க வருகிறவர்கள் முதலில் எஞ்சினைத்தான் கேட்கிறார்கள். 340 கன அங்குல வி-8, 275 குதிரைவலு. அழுத்த விகிதம் 10.5 என்று உயர்வாக இருப்பதால் 95 ஒக்டேன் பெற்றோலையே மாமா ஊற்றுகிறார். ஆனால் என் மனம் நிற்பது கதவுகளுக்குக் கீழே, முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் இடையே பெட்டிபோல ஓடும் தகட்டில்தான். டார்ட்டுக்குத் தனியான அடிச்சட்டம் கிடையாது. கூரையுள்ள காரில் உடலின் பாரத்தைக் கூரையும் தூண்களும் பகிர்ந்துகொள்ளும். மடக்குக் கூரைக் காரிலோ அந்தப் பெட்டித் தகடே முதுகெலும்பு. கடற்காற்றின் உப்பும், அடைபட்ட துளைகளால் வடியாமல் தேங்கிய மழைநீரும் அதை உள்ளிருந்தே கறளாக்கியிருந்தன. முன்பொரு கராஜில் அதன்மேல் பட்டி பூசி, அழகாக வர்ணமும் அடித்துக் கொடுத்திருந்தார்கள். ஜாக்கி வைத்துத் தூக்கியபோது நடுவில் உடல் தொய்ந்து, கதவு திறக்க மறுத்தது. அன்று மாமா ஒரு வார்த்தையும் பேசவில்லை.

இம்முறை வேலை செய்த பாஸ், தகட்டில் கை வைப்பதற்கு முன்பே இரு கதவு வாசல்களிலும் குறுக்காக இரும்புக் குழாய்களைப் பற்றவைத்து, உடல் வளையாதபடி இறுக்கினார். பின்னர் ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டே மறுபக்கத்தை வெட்டினார். கதவுக்கும் மட்காட்டுக்கும் இடையிலுள்ள வெளியை அவர் ஒவ்வொரு மாலையும் ஒரே நாணயத்தை நுழைத்துப் பார்த்த பொறுமைக்கு நான் என்றும் நன்றியுடையவன்.

சில்லுப் போல்ட் ஒன்றுக்காக அலைந்ததையும் சொல்லவேண்டும். டொட்ஜைத் தயாரித்த கிறைஸ்லர் நிறுவனத்தின் அக்காலத்துக் கார்களில் இடப்பக்கச் சில்லு நட்டுகள் எதிர்ப்புரி கொண்டவை. கழற்றுவதற்கு வலப்பக்கமாகத் திருப்பவேண்டும். அதை அறியாத ரயர் கடைத் தம்பி வழக்கம்போல் இடப்பக்கமாகத் திருப்பி ஒரு போல்ட்டை முறித்துவிட்டார். வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் கடை கடையாக ஏறியும் கிடைக்காமல், இறுதியில் லேத் பட்டறையில் கடைந்தெடுத்தோம்.

ஞாயிறு காலை காலிமுகத்திடலுக்குப் போனோம். சுக்கான் இடப்பக்கம் இருப்பதால், முன்னால் செல்லும் பஸ்ஸை முந்தவேண்டுமானால் வலப்பக்கம் அமர்ந்திருக்கும் நான்தான் எட்டிப் பார்த்து, "இப்ப போகலாம், மாமா" என்று சொல்லவேண்டும். வழியில் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினோம். மாமா உடனே தம் பக்கக் கதவின் விளிம்பைத் தடவிப் பார்த்தார். அது இருந்த இடத்திலேயே இருந்தது.