எஃப்-1 மாணவர் வருமானவரி: பாலக்காட்டிலிருந்து போனால் ஒரு கணக்கு, துபாயிலிருந்து போனால் வேறு கணக்கு

அமெரிக்காவில் படிக்கும் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, சித்தூர், கொல்லங்கோடு பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பிப்ரவரி பிறந்தால் வருமானவரி யோசனைக்குப் பஞ்சமில்லை. ஹெச்-1பி வேலை விசாவில் இருக்கும் சித்தப்பா மகன், "டர்போடாக்ஸ் சாஃப்ட்வேரில் போடு, அரை மணி நேர வேலை" என்பார். அறைத்தோழன், "சம்பளமே வாங்கலை, உனக்கெதுக்கு ஃபைலிங்?" என்பான். இரண்டையும் கேட்காதீர்கள்.

எஃப்-1 மாணவர் விசாவில் வந்தவர் முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகளுக்கு வரிச் சட்டப்படி நான்ரெசிடென்ட், அதாவது அங்கே வசிக்காதவர் கணக்கு. டிசம்பர் கடைசி வாரம் வந்து இறங்கினாலும் அந்த ஆண்டு முழுதாக ஒன்று. 2021 டிசம்பரில் வந்தவருக்கு 2025-உடன் ஐந்தும் முடிந்தது. 2026-லிருந்து, அவர் ரெசிடென்டா என்று பார்க்க, அங்கே தங்கும் நாள்களை எண்ணத் தொடங்குவார்கள். நான்ரெசிடென்ட் போட வேண்டியது 1040-என்ஆர் படிவம். டர்போடாக்ஸ் தயாரிப்பது ரெசிடென்டுக்கான 1040. ஸ்பிரின்டாக்ஸ், கிளேசியர் போன்றவைதான் என்ஆர் படிவம் போடும். பல பல்கலைக்கழகங்களின் சர்வதேச மாணவர் அலுவலகம் இவற்றை இலவசமாகப் பயன்படுத்தக் குறியீட்டு எண் தருகிறது. காசு கட்டும் முன் கேட்டுப் பாருங்கள்.

வருமானமே இல்லாதவரும், நாட்டில் இருந்த நாள்களைக் காட்டும் 8843 படிவம் அனுப்ப வேண்டும். எஃப்-2 குடும்ப விசாவில் உடன் இருக்கும் மனைவிக்கும் குழந்தைக்கும் ஆளுக்கொன்று தனித்தனியாக. பாஸ்போர்ட் விவரம், அந்த ஆண்டும் முந்தைய இரண்டு ஆண்டும் நாட்டில் இருந்த நாள்கள், கல்லூரி முகவரி, படிப்புத் துறை இயக்குநரின் பெயர், தொலைபேசி எண் ஆகியவை போதும். நாள் கணக்கை, நாட்டுக்குள் வந்துபோன பதிவான ஐ-94 இணையதளத்தின் பயண வரலாற்றில் பார்த்து எழுதுங்கள். வரிப் படிவம் இல்லாமல் இதை மட்டும் அனுப்புவதானால் பேனாவால் கையெழுத்திட்டு டெக்சாஸ் மாநில ஆஸ்டினுக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். கெடு ஜூன் 15. சம்பளம் வாங்கியவருக்குக் கெடு ஏப்ரல் 15, 8843-ஐ 1040-என்ஆருடன் சேர்த்துவிடலாம்.

அப்பா தென்னந்தோப்புக் குத்தகைப் பணத்தை அனுப்பினாலும், வங்கி கல்விக்கடனைத் தவணையாக அனுப்பினாலும் அது வருமானம் ஆகாது. படிவத்தில் ஏற்ற வேண்டாம். கல்லூரிக் கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் போகும் உதவித்தொகைக்கும் வரி இல்லை. அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் தரும் பகுதிக்கு உண்டு. அதில் 14 சதவீதம் பிடித்துக்கொண்டு அதற்குச் சான்றாக 1042-எஸ் படிவம் தருவார்கள். சம்பளத்துக்கான டபிள்யூ-2 படிவம் ஜனவரிக்குள் வந்துவிடும். 1042-எஸ் வருவதற்கு மார்ச் 15 வரை ஆகலாம். உதவித்தொகை வாங்குபவர் பிப்ரவரியிலேயே அவசரப்பட்டு ஃபைல் செய்தால் பிறகு திருத்தப் படிவம் போட்டு அலைய வேண்டியதுதான்.

நம் பக்கத்துக்காரர்கள் மிகவும் கவனிக்க வேண்டிய இடம் இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21-ஆம் பிரிவு. மற்ற நாட்டு நான்ரெசிடென்ட் மாணவர்களுக்குப் பொதுவாகக் கிடைக்காத, வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளும் நிலையான தொகையான ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் இந்திய மாணவருக்குக் கிடைப்பது இதனால்தான். 2025 வருமானத்துக்கு அது 15,750 டாலர். வளாக வேலையில் ஆண்டுக்கு 11,000 டாலர் சம்பாதித்தவருக்கு மத்திய வரி பூஜ்யம். பிடித்ததெல்லாம் திரும்பி வரும்.

ஆனால் ஒப்பந்தம் கேட்பது இந்தியப் பாஸ்போர்ட்டை அல்ல. அமெரிக்கா வருவதற்குச் சற்று முன்பு இந்தியாவில் ரெசிடென்டாக இருந்தீர்களா என்பதைத்தான். பெற்றோர் துபாயில், பிள்ளை பாட்டி வீட்டில் தங்கிப் பாலக்காட்டிலோ கோவையிலோ படித்துவிட்டுப் போனால் சிக்கல் இல்லை. துபாயில் பிளஸ் டூ, கோவையில் நான்கு வருட இன்ஜினியரிங், பிறகு அமெரிக்கா என்றாலும் சரி. துபாயில் வளர்ந்து அங்கிருந்தே நேராக விமானம் ஏறியவர் பாடுதான் கஷ்டம். அமீரகத்துடன் அமெரிக்காவுக்கு வருமானவரி ஒப்பந்தமே இல்லை. அதே 11,000 டாலருக்கு அவருக்கு 10 சதவீதம், 1,100 டாலர் வரி. மென்பொருள் 'கடைசியாக வசித்த நாடு எது' என்று கேட்கும்போது சொந்த ஊரை நினைத்து இந்தியா என்று அழுத்திவிடுகிறார்கள்.

பெயரிலும் ஒரு கண் வையுங்கள். இனிஷியல் வைத்தே பழகிய குடும்பங்களில் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருக்கும். விசாவிலோ, இருக்கும் அந்த ஒரே பெயரை சர்நேமாக்கி, முன்பெயர் இடத்தில் 'எஃப்என்யு' (முன்பெயர் தெரியவில்லை) என்று அடித்துவிடுவார்கள். வேலை செய்பவருக்குத் தரும் சோஷியல் செக்யூரிட்டி எண் கார்டில் ஒரு விதம், வரிப் படிவத்தில் வேறு விதம் என்றால் சர்நேமின் முதல் நான்கு எழுத்து ஒத்துப்போகாமல் இ-ஃபைலிங் திரும்பி வந்துவிடும். கார்டில் இருப்பதை அப்படியே எழுதுங்கள். கார்டே தப்பென்றால் முதலில் அதைத் திருத்துங்கள்.

படிப்பு சார்ந்த தற்காலிக வேலை அனுமதியான ஓபிடி-யில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் பே-ஸ்லிப்பில் சோஷியல் செக்யூரிட்டி (ஓய்வூதியம்) 6.2, மெடிகேர் (முதியோர் மருத்துவம்) 1.45 சதவீதம் பிடித்தம் இருக்கிறதா பாருங்கள். நான்ரெசிடென்டாக இருக்கும் வரை அது பிடிக்கக் கூடாது. சின்ன கம்பெனிகளின் பேரோல் ஆட்களுக்கு இது தெரியாமல் இருக்கும். முதலில் கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் 843, 8316 இரண்டு படிவத்தையும் அமெரிக்க வருமானவரித் துறையான ஐஆர்எஸ்ஸுக்கு அனுப்புங்கள்.

நான்ரெசிடென்டாக இருந்தும் ஏற்கெனவே 1040 போட்டு, கல்லூரி தந்த 1098-டி கட்டணப் படிவத்தைக் காட்டிக் கல்விச் சலுகையும் வாங்கியிருந்தால், அந்தப் பணம் உங்களுடையதல்ல. ஐஆர்எஸ் கடிதம் வரும்வரை காத்திருக்காமல் 1040-எக்ஸ் திருத்தப் படிவத்துடன் சரியான 1040-என்ஆரை இணைத்து அனுப்பி, வாங்கியதைக் கட்டிவிடுவது நல்லது. பின்னாளில் கிரீன் கார்டுக்குப் போகும்போது பழைய வரிக் கணக்குகளைக் கேட்கக்கூடும்.

மாநில வரி தனி. டெக்சாஸ், ஃபுளோரிடாவில் சம்பளத்துக்கு மாநில வரி கிடையாது. கலிபோர்னியா, நியூஜெர்சி, பென்சில்வேனியா ஆகியவை மத்திய ஒப்பந்தச் சலுகையை ஏற்பதில்லை. மத்திய வரி பூஜ்யமானவரும் அங்கே மாநிலப் படிவத்தைத் தனியாகப் போட்டுப் பார்க்க வேண்டும்.