ஆம்புலன்ஸ் மட்டும் சட்டத்துக்கு வெளியே

2024 மார்ச்சில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு. வயிற்றின் வலது கீழ்ப்பக்கம் யாரோ ஈரத்துணியைப் பிழிவதுபோல் வலி. வாயுவாக இருக்கும் என்று ஓமத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தேன். நள்ளிரவு தாண்டிக் குளியலறையில் மயங்கி விழுந்தேன். டல்லாஸுக்கு வடக்கே ஒரு புறநகரில் இருக்கிறோம். மனைவி அப்போதுதான் கார் ஓட்டும் லைசென்ஸுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். மகள் தூக்கத்தில். ஊபர் கூப்பிடு என்று நான் முனகினேனாம். அவள் காதில் வாங்காமல் 911-ஐ அழைத்துவிட்டாள். மருத்துவமனை ஐந்து மைல்.

குடல்வால் அழற்சி. விடிவதற்குள் லேப்ராஸ்கோப்பியில் எடுத்துவிட்டார்கள். சனிக்கிழமை மாலையே வீடு திரும்பினேன். வைத்தியத்தில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். இங்கே எழுதுவது அதற்குப் பிறகான ஏழு மாதக் கதை.

அதற்கு முன் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆபீஸ் சாப்பாட்டு அறையில் ஒபாமாகேர் என்கிற 2010 மருத்துவ இன்சூரன்ஸ் சட்டம் பற்றி வாய் கிழியப் பேசுகிறவன் நான். எதிர்ப்பக்கம் டெக்சாஸில் பிறந்து வளர்ந்த, ஓய்வு பெறப்போகும் வயதுள்ள ஒரு சக ஊழியர். அதே புறநகரில்தான் வீடு. மருத்துவத்தில் அரசாங்கம் மூக்கை நுழைக்கக் கூடாது என்பது அவர் கட்சி. 2010 சட்டம் வராமல் இருந்திருந்தால், முன்பே சர்க்கரை இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகத் தனியாக இன்சூரன்ஸ் வாங்கப் போகிறவனைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பேன். பிரீமியம் ஏறியது மட்டும்தான் மிச்சம் என்பார். அந்தச் சட்டத்தையே ரத்து செய்யச் சொல்லி டெக்சாஸ் முன்னின்று நடத்திய வழக்கை, 2021-ல் உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்று திருப்பி அனுப்பியதை நான் ஞாபகப்படுத்துவேன். 2022-ல் இந்த நாடு மருத்துவத்துக்குச் செலவழித்தது 4.5 டிரில்லியன் டாலர், மொத்த உற்பத்தியில் 17 சதவீதத்துக்கும் மேல். இதில் மட்டும் இருவரும் ஒத்துப்போவோம். யார் தலையில் கட்டுவது என்பதில்தான் சண்டை. இவ்வளவு பேசிய நாங்கள் இருவருமே ஒரு மருத்துவமனை பில்லை வரிவரியாகப் படித்ததில்லை.

மூன்றாவது வாரம் தபால் வரத் தொடங்கியது. முதலில் இன்சூரன்ஸ்காரர்களின் இ.ஓ.பி., அதாவது யார் எவ்வளவு கட்டுவது என்று விளக்கும் தாள். "இது பில் அல்ல" என்று தலையில் போட்டிருப்பார்கள், அதனாலேயே பலர் கிழித்துப் போடுவார்கள். தயவுசெய்து கிழிக்காதீர்கள். பின்னால் வரும் எல்லாச் சண்டைக்கும் அந்தத் தாள்தான் ஆதாரம். அதில் மூன்று எண்கள் முக்கியம்: மருத்துவமனை கேட்டது, இன்சூரன்ஸ் ஒப்புக்கொண்ட விலை, உங்கள் பங்கு.

எனக்கு வருட டிடக்டிபிள், அதாவது இன்சூரன்ஸ் கொடுக்கத் தொடங்குமுன் நானே கட்ட வேண்டியது, 3,000 டாலர். அதற்கு மேல் 20 சதவீதம் என் பங்கு. மருத்துவமனை கேட்டது 38,400. ஒப்புக்கொண்ட விலை 14,600. முதல் 3,000, மீதியில் 20 சதவீதமான 2,320, ஆக 5,320 நான் கட்ட வேண்டும். இடையிலிருந்த 23,800 டாலரை யாரும் கட்டவில்லை, யாரும் இழக்கவும் இல்லை. ஒரு மாட்டுக்கு அவ்வளவு சொல்லிவிட்டு இவ்வளவுக்குக் கொடுத்தால் சந்தையில் சிரிப்பார்கள். இன்சூரன்ஸ் இல்லாதவன் பெயருக்கு முதலில் போகிற பில்லில் இருப்பதும் அந்தப் பெரிய எண்தான் என்று தெரிந்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏழைகளுக்கான அரசாங்க இன்சூரன்ஸான மெடிகெய்டை விரிவுபடுத்த மறுத்த மாநிலம் டெக்சாஸ். இன்சூரன்ஸ் இல்லாதவர்களின் விகிதம் நாட்டிலேயே இங்கேதான் அதிகம்.

அறுவை சிகிச்சை நிபுணரின் பில் 300 டாலர். வந்தது, கட்டினேன்.

மருத்துவமனை பில்லுக்கு வரிவாரியான விவரம் கேட்டேன். 2023 செப்டம்பர் முதல் டெக்சாஸில் அந்த விவரத்தைத் தராமல் மருத்துவமனை வசூல் நடவடிக்கையில் இறங்க முடியாது. போனில் பேசிய பெண், மருத்துவமனையின் இணையதளக் கணக்கைச் சொல்லி, "போர்ட்டலில் இருக்கும்" என்றார். போர்ட்டலில் இருந்தது நான்கு வரிச் சுருக்கம். மறுபடி அழைத்து, குறியீட்டு எண்களுடன் முழு விவரம் வேண்டும் என்று சொன்னபிறகு ஆறு பக்கம் வந்தது. இரவு மகள் தூங்கியபின் உட்கார்ந்து படித்தேன். எமர்ஜென்சிக்கு 99281 முதல் 99285 வரை ஐந்து படிகள், எனக்குப் போட்டது ஐந்தாவது. மயங்கி விழுந்து அறுவை சிகிச்சைக்குப் போனவன், அதை மறுக்க முடியாது. ஆனால் வயிற்று சி.டி. ஸ்கேன் இரண்டு முறை இருந்தது. நான் அந்த மெஷினுக்குள் போனது ஒரு முறை. வலியில் எனக்குக் கணக்குத் தப்பியிருக்கலாம் என்று போர்ட்டலில் ரேடியாலஜிஸ்ட் அறிக்கைகளைத் தேடினேன். ஒன்றே ஒன்று. அதை இணைத்து எழுத்தில் அனுப்பினேன். ஐந்து வாரம் கழித்துத் திருத்திய க்ளெய்ம் போனது. ஒப்புக்கொண்ட விலையில் 1,900 குறைந்தது. என் பங்கில் 380 குறைந்து 4,940 ஆனது. நான்கு இரவு கண்விழித்ததற்கு எனக்கு 380, என் வேலையால் யாருக்கோ 1,520.

4,940-ஐயும் ஒரே தடவையில் கட்ட என்னிடம் இல்லை. லாப நோக்கமற்ற மருத்துவமனை என்றால், வருமானம் குறைந்தவர்களுக்குச் சலுகைக் கொள்கை எழுதி வைத்திருக்க வேண்டும். அதுவும் 2010 சட்டத்தில் வந்த நிபந்தனைதான். முதல் பில் வந்து 240 நாள் வரை விண்ணப்பிக்கலாம். நண்பர் ஒருவர், "ஹெச்-1பி-யில் இருந்துகொண்டு இதெல்லாம் கேட்காதே, கிரீன் கார்டில் இடிக்கும்" என்று பயமுறுத்தினார். நம்மவர்களிடம் இந்தப் பயம் நிறைய உண்டு. மருத்துவமனை தன் பில்லில் தரும் தள்ளுபடி அரசாங்க உதவிப் பணம் அல்ல. அதனால் விண்ணப்பித்தேன். என் சம்பளம் அவர்கள் வரம்பைத் தாண்டியது, மறுத்துவிட்டார்கள். ஆனால் அந்த மறுப்புக் கடிதத்தோடு கூப்பிட்டபோது, வட்டியில்லாமல் மாதம் 247 வீதம் இருபது மாதம் என்று ஒத்துக்கொண்டார்கள். முதல் தடவை அழைத்தபோது ஆறு மாதத்துக்கு மேல் முடியாது என்று சொன்ன அதே இடம்.

மயக்க மருந்து டாக்டர் கதை வேறு. இன்சூரன்ஸோடு விலை ஒப்பந்தம் போட்டவர்கள்தான் நெட்வொர்க். மருத்துவமனை நெட்வொர்க்குக்குள், அவர் குழு நெட்வொர்க்குக்கு வெளியே. மயக்கம் கொடுக்க வருகிறவரிடம், ஐயா நீங்கள் எந்த நெட்வொர்க் என்று படுத்துக்கொண்டே கேட்க முடியுமா? கேட்டது 3,150. இன்சூரன்ஸ் 900 ஒப்புக்கொண்டு 720 கொடுத்தது. மிச்சம் 2,430 என் பெயருக்கு வந்தது.

இதைத் தடுக்கத்தான் 'நோ சர்ப்ரைசஸ் ஆக்ட்' 2022 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது. எமர்ஜென்சியில் யார் பார்த்தாலும் நெட்வொர்க்குக்குள் பார்த்த மாதிரிதான் நோயாளியின் பங்கு. மீதியை டாக்டரும் இன்சூரன்ஸும் நடுவர் முன் போய்த் தீர்த்துக்கொள்ள வேண்டும். என் இ.ஓ.பி.யிலேயே என் பங்கு 180 என்றுதான் இருந்தது. பில்லிங் அலுவலகத்தை அழைத்தேன். நிலுவை நிலுவைதான் என்றார் எடுத்தவர். சட்டத்தின் பெயரைச் சொன்னேன். ஒரு நிமிடம் ஹோல்டில் போட்டார். திரும்பி வந்தபோது குரலே மாறியிருந்தது, "மறுபரிசீலனைக்கு அனுப்புகிறேன்." அவருக்கு முன்பே தெரியும் என்பது என் சந்தேகம். இந்தச் சட்டத்தைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான சி.எம்.எஸ். இணையதளத்திலும் புகார் போட்டுவைத்தேன். ஆறு வாரத்தில் புது பில் வந்தது, 180 டாலர்.

ஆபீஸில் இதைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். பெரியவர் தக்காளியை வெட்டிக்கொண்டே, "அதில் கையெழுத்துப் போட்டது டிரம்ப்" என்றார். உண்மைதான், 2020 டிசம்பர் 27. இரண்டு கட்சியும் சேர்ந்து கொண்டுவந்த சட்டம். அன்றைக்குப் பெரியவர் ஜெயித்தார்.

பிறகு ஆம்புலன்ஸ் பில். 1,940 டாலர், ஐந்து மைலுக்கு. இன்சூரன்ஸ் 800 ஒப்புக்கொண்டு 640 கொடுத்திருந்தது. மீதி 1,300 என்னிடம். பழகிய கையோடு போன் எடுத்து அதே சட்டத்தின் பெயரைச் சொன்னேன். எடுத்தவர் மிகப் பொறுமையாக, "அது எங்களுக்குப் பொருந்தாது சார்" என்றார். போய்ப் படித்தேன். பொருந்தாதுதான். அந்தச் சட்டம் ஏர் ஆம்புலன்ஸைச் சேர்த்துக்கொண்டு, சாலையில் ஓடும் ஆம்புலன்ஸை விட்டுவிட்டது. அதை ஆராய ஒரு குழு போடுவதாக எழுதியதோடு சரி. ஹெலிகாப்டர் வந்து என் வீட்டுக் கூரையிலிருந்து தூக்கிப்போயிருந்தால் எனக்குப் பாதுகாப்பு உண்டு.

சரி, மாநிலம்? டெக்சாஸ் இதற்கென்று 2023-ல் சட்டம் போட்டு, 2024 ஜனவரியிலிருந்து ஆம்புலன்ஸ்காரர்கள் மீதித் தொகையை நோயாளியிடம் கேட்கக் கூடாது என்று சொல்லியிருந்தது. எனக்கு நடந்தது மார்ச்சில். துள்ளிக் குதித்தேன். அடுத்த வரியில் ஒரு கொக்கி: மாநிலத்தின் கட்டுப்பாட்டில் உள்ள இன்சூரன்ஸுக்கு மட்டும். எப்படிக் கண்டுபிடிப்பது? கார்டில் டி.டி.ஐ. அல்லது டி.ஓ.ஐ. என்ற எழுத்துகள் இருக்கும். பர்ஸிலிருந்து எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இல்லை.

ஹெச்.ஆர்.-இடம் கேட்டபோதுதான் தெரிந்தது, எங்களுடையது 'செல்ஃப் ஃபண்டட்'. கார்டில் பெரிய இன்சூரன்ஸ் கம்பெனியின் பெயர் இருந்தாலும் அவர்கள் காகித வேலை மட்டும்தான் செய்கிறார்கள். பணம் கொடுப்பது நான் வேலை பார்க்கும் கம்பெனி. இப்படிப்பட்ட திட்டங்கள் 1974-ன் எரிசா என்ற மத்தியச் சட்டத்துக்குக் கீழ் வருகின்றன, மாநிலச் சட்டம் தொடாது. கம்பெனி மூலம் இன்சூரன்ஸ் உள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்த வகைதான், பலருக்கு அது தெரியாது. எனக்குப் பதினோரு வருடமாகத் தெரியவில்லை. ஆக, மத்தியச் சட்டத்தில் ஆம்புலன்ஸ் இல்லை, மாநிலச் சட்டத்தில் நான் இல்லை. 1,300-ல் என் 20 சதவீதப் பங்கான 160 போக மிச்சம் 1,140 டாலர், ஒரு வருடத்தில் நான் கட்ட வேண்டிய உச்சவரம்புக் கணக்கிலும் சேராது.

இன்சூரன்ஸுக்கு அப்பீல் போட்டேன். 180 நாள் அவகாசம் உண்டு. மயங்கியவன் ஆம்புலன்ஸைத் தேர்ந்தெடுக்க முடியாது என்று மனைவியின் வாக்குமூலத்தோடு ஒரு பக்கம். ஐம்பத்தெட்டாவது நாள் பதில் வந்தது, அவர்கள் கெடு அறுபது. க்ளெய்ம் சரியாகவே தீர்க்கப்பட்டுள்ளது.

கடைசியில் பில் அனுப்பியவரிடமே பேரம் பேசலாம் என்று அந்தத் தாளை நிதானமாகப் பார்த்தேன். மேலே இருந்தது பில்லிங் கம்பெனியின் பெயர். கீழே சின்ன எழுத்தில், எங்கள் ஊர் நகராட்சியின் தீயணைப்புத் துறை. ஏழு மாதம் போராடியும் என்னால் அசைக்க முடியாத ஒரே பில்லை அனுப்பியது அரசாங்கம். பெரியவரிடம் இதைச் சொல்லக் கூடாது என்று முதலில் முடிவு செய்தேன்.

மருத்துவக் கடன் ஒரு வருடம் தாண்டாமல் கிரெடிட் ரிப்போர்ட்டில் ஏறாது என்ற தைரியத்தில், அவசரப்படாமல் பேசினேன். ஒரே தவணையாகக் கட்டினால் 1,300-க்குப் பதில் 750 என்றார்கள். கட்டினேன். அக்டோபர் ஆகியிருந்தது.

அந்த மாதம் தண்ணீர் பில்லைப் பார்த்துக்கொண்டிருந்த மனைவி, "என்னங்க, இதென்ன கட்டம்?" என்றாள். ஆம்புலன்ஸ் உறுப்பினர் திட்டம். மாதம் ஐந்து டாலர் தண்ணீர் பில்லோடு சேர்த்துக் கட்டினால், ஊர் ஆம்புலன்ஸில் போகும்போது இன்சூரன்ஸ் கொடுத்தது போக மீதி கேட்கமாட்டார்கள், வீட்டிலுள்ள எல்லோருக்கும். வீடு வாங்கிய நாளிலிருந்து ஒவ்வொரு மாதமும் டிக் செய்யாமல் வந்துகொண்டிருந்த கட்டம்.

மறுநாள் சாப்பாட்டு அறையில் அடக்க முடியாமல் முழுக்கதையையும் கொட்டிவிட்டேன். பெரியவர் கேட்டு முடித்துவிட்டு, தான் அதில் சேர்ந்து பத்து வருடமாகிறது என்றார்.

"அது அரசாங்க இன்சூரன்ஸ் ஆயிற்றே?" என்றேன்.

"இல்லையே," என்றார், "அது தண்ணீர் பில்."